பாமினிக் கோப்புகளில் நம் பெயர்கள்

‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்துவிட்டு, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திரையில் ஐந்து குறிகள் நிற்கும்: ஜே, கே, பீ, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ‘முஸ்லிம்’ என்ற சொல் இன்னும் விசித்திரமாகத் தெரியும்: பெரிய கே, மூடும் சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சின்ன வை, பீ, சின்ன கே, மறுபடியும் அரைப்புள்ளி. இலங்கையில் தொண்ணூறுகளிலிருந்து கணினியில் தமிழ் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஏன் இப்படியாகிறது, இதற்குள் நம்முடைய எழுத்து உயிரோடு இருக்கிறதா, எப்போது அது உண்மையிலேயே செத்துப் போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் படிப்பிக்கும் நோர்வூட் பக்கத்தில் இந்தப் பிரச்சினை பென் ட்ரைவில் வந்து சேரும். பதினைந்து, இருபது வருடத்துக்கு முன்னர் அச்சிட்ட பாடசாலை மலரின் கோப்பு, பள்ளிவாசல் குடும்பப் பட்டியல், மையித்து நிதிக் கணக்கு, யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதி வைத்த ஊர் வரலாறு. “சேர், இதுல வைரஸ் புகுந்திருக்கா?” என்பதுதான் முதற்கேள்வி. வைரஸ் இல்லை. நிதிக் கணக்கைத் திறந்தால் ஒரு வேடிக்கை தெரியும். 500, 250, 1000 என்று தொகை எல்லாம் தெளிவாக இருக்கும். தந்தவர் பெயர்தான் விளங்காது. பாமினியில் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் ஆங்கில எழுத்துருவில் இருக்கும் அதே இடங்களில் இருப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் அட்டவணை. 1963 இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி அட்டவணையில் ஆங்கிலப் பெரிய ஏக்கு 65. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளோடு கொண்டுவந்த எப்சிடிக் அட்டவணையில் அதே எழுத்துக்கு 193. ஒரே எழுத்துக்கு இரண்டு எண். ஒன்றில் எழுதியதை மற்றதன்படி வாசித்தால் குப்பைதான் வரும். ஜப்பானியர் இந்தக் குப்பைக்கு ‘மொஜிபாக்கே’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இதில் சிக்கலான விடயம், வெறும் எழுத்துக் கோப்பு தன்னை எந்த அட்டவணையின்படி எழுதினார்கள் என்று எங்கும் சொல்லி வைப்பதில்லை என்பதுதான். அது வாசிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு இது புதிய அனுபவமல்ல. மாப்பிள்ளை ஆலிம் என்று நாம் அறிந்த இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்களின் ‘பத்ஹுத் தையான்’ போன்ற அறபுத்தமிழ் நூலொன்றை, தமிழே தெரியாத அறபு நாட்டவர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? எழுத்து அவருடையது, ஓரளவு உச்சரித்தும் விடுவார். ஆனால் ஒரு வரி விளங்காது. ட, ண, ழ போன்ற ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டி உருவாக்கிய எழுத்துகளில் அடியோடு தடுமாறுவார். தாளில் பிழையில்லை, மையில் பிழையில்லை. ‘இது தமிழ்’ என்ற ஒரு செய்தி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. பாமினிக் கோப்பைத் திறந்த கணினியின் நிலையும் அதேதான். அது தமிழை ஆங்கிலமென்று நினைத்து வாசிக்கிறது.

பழைய அச்சுப்பொறிகளோடும் கணினி உறுப்புகளோடும் வந்த கைந்நூல் கோப்புகளைத் திறந்தவர்கள் இதன் இன்னொரு வடிவத்தைக் கண்டிருப்பார்கள். 1981 இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் அட்டவணைக்கு 437 என்று இலக்கம். கட்டம் கீறுவதற்கான கோடுகளும் மூலைகளும் அதிலே எழுத்துகளாகவே இருந்தன. அந்தக் கோடுகளால் அட்டவணை கீறி எழுதிய கைந்நூலை இன்றைய விண்டோஸில் திறந்தால், கிடைக்கோடு இருந்த இடமெல்லாம் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ வரிசையாக நிற்கும். நிமிர்ந்த கோடு இருந்த இடத்தில் ஒரு சின்ன மூன்று. இரண்டு அட்டவணையிலும் அந்த இடங்களின் எண் ஒன்றுதான். 196 உம் 179 உம். கோடு போனாலும் கைந்நூலை ஒருவாறு வாசித்து விடலாம், ஏனென்றால் ஆங்கில எழுத்துகள் இந்த இரண்டு அட்டவணையிலும் அதே இடத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குக் கிடைத்த அந்தச் சலுகைதான் தமிழுக்குக் கிடைக்கவில்லை.

அதே கைந்நூல்களில் இன்னொரு பக்கம் இருக்கும். எண்பதுகளின் எப்சன் புள்ளி அச்சுப்பொறிக் கைந்நூலை எடுத்தால், நாட்டுக்கு நாடு மாறும் எழுத்துகள் என்றொரு பட்டியலைக் காணலாம். மொத்தம் 12 இடங்கள். 35 ஆம் இலக்கம் அமெரிக்காவில் சதுரக் கட்டக்குறி, பிரித்தானியாவில் பவுண் குறி. 92 ஆம் இலக்கம் அமெரிக்காவில் பின்சாய்கோடு, ஜப்பானில் யென். 91 உம் 93 உம் அமெரிக்காவில் சதுர அடைப்புக்குறிகள், ஜேர்மனியில் புள்ளியிட்ட ஏயும் யூவும். எந்த நாட்டுப் பட்டியல் வேண்டும் என்பதை அச்சுப்பொறியில் உள்ள குட்டிச் சுவிட்சுகளைத் தட்டித் தெரிவு செய்ய வேண்டும். உலகத் தரநிலையே இந்த இடங்களை ‘அவரவர் நாட்டு விருப்பத்துக்கு’ என்று விட்டுவைத்திருந்தது. அதாவது, நம்பி எதையும் வைக்கக் கூடாத இடங்கள்.

பாமினியில் அந்த இடங்களில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். திறக்கும் சதுர அடைப்பில், 91 இல், ‘ஜ’. மூடும் சதுர அடைப்பில், 93 இல், ‘ஸ’. இடப்பக்கம் சாய்ந்த சின்னக் கீற்றில், 96 இல், ‘ஹ’. ‘ஷ’வும் ஆங்கிலச் சொல் எதிலும் வராத ஒரு குறியில்தான் குடியிருக்கிறது. ஜமால், ஹாஜரா, ஸலீம், ஷரீபா என்று நம் பெயர்களைத் தாங்கும் நாலு எழுத்தும் அந்த ஆட்டங்காணும் இடங்களில்.

இதில் வஞ்சகம் எதுவுமில்லை, இடநெருக்கடிதான். தமிழுக்கு 247 எழுத்து, அதோடு கிரந்தம். ஆஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் இடங்கள், வெற்றிடத்தையும் சேர்த்து, 95 தான். ஆங்கிலச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் தமிழில் அதிகம் வரும் எழுத்துகளுக்குப் போய்விட்டன. குறைவாக வருவன நிறுத்தக் குறிகளின் இடத்துக்குத் தள்ளப்பட்டன. பொதுவான தமிழில் ஜ, ஷ, ஸ, ஹ குறைவுதான். ஆனால் பள்ளிவாசல் பட்டியலில் அவை குறைவா?

தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன் கிரந்தத்துக்காக வழக்காடலாமா என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. வடசொல்லைத் தமிழாக்கும் விதியைத் தொல்காப்பியமும் நன்னூலும் சொல்வது எனக்கும் தெரியும். இலக்கியத்தில் அதை விரும்புகிறவன்தான். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இலக்கணப் பரீட்சைத் தாள் அல்ல. ஹனீபா, கனீபா, அனீபா மூன்றும் அலுவலகக் கருமபீடத்தில் மூன்று ஆட்கள். மலையகத்தில் இதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, அதன் பின்னரும்கூட, தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அலைந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் இருக்கின்றன.

சரி, பெயர் எப்படிச் சிதைகிறது? பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். பாமினியில் ‘இ’ என்ற எழுத்து ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் தலைக்குத்து, அரைப்புள்ளியின் இடத்தில். பழைய பெயர்ப்பட்டியலை எக்செலுக்கு மாற்றும் ஒருவர், காற்புள்ளி கண்ட இடத்தில் பத்தியைப் பிரி என்று கட்டளை கொடுத்தால், இப்றாஹீம், இஸ்மாயில், இல்யாஸ் எல்லோரும் தலையை இழந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அரைப்புள்ளியில் பிரித்தால் மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் சொல் துண்டாகும். பெயருக்குள் எழுத்து மட்டுமே இருக்க வேண்டும், அடைப்புக்குறி குப்பை என்று நினைக்கும் ஒரு துப்புரவு நிரல் கையில் கிடைத்தால் ஜவும் ஸவும் ஓசையில்லாமல் மறைந்துவிடும்.

இன்னொன்று சிரிப்புக்கும் உரியது. வேர்ட் மென்பொருள், முற்றுப்புள்ளிக்கு அடுத்த எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்துக்கு அது உதவி. பாமினியில் சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. சின்ன ஜீ ‘ப’, பெரிய ஜீ ‘பு’. ஆகவே வசனத் தொடக்கத்தில் வரும் கடை குடையாகும், மடி முடியாகும், பல் புல்லாகும். டைப்செட்டிங் கடைகளில் வேலை செய்தவர்கள் கணினியை வாங்கியதும் முதலில் இந்த வசதியை நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள்.

இந்தக் குழப்பம் தமிழ்நாட்டில் வேறு பெயர்களில் இருந்தது. இணையத்தில் கூடிய தமிழர்கள் சேர்ந்து திஸ்கி என்ற குறிமுறையை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை அதில்தான் முதலில் வெளியிட்டது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு டாம், டாப் என்ற இரண்டை ஏற்றது. நம் நாட்டிலோ பாமினி பரவலாக வேரூன்றியது. சிங்கள நண்பர்களும் தப்பவில்லை, எஃப்.எம். அபய போன்ற எழுத்துருக்களால் அவர்களுக்கும் இதே தலையிடி.

யுனிகோட் இத்தனைக்கும் முன்னரே இருந்தது. 1991 இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தனிப் பகுதி உண்டு. உலகத்தில் எந்த எழுத்துக்கும் வேறு எழுத்தோடு மோதாத ஓர் எண் என்பது அதன் அடிப்படை. ஆனால் சாதாரண மேசைக் கணினியில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000 உம் அதனுடன் வந்த லதா எழுத்துருவும் வேண்டியிருந்தன. இலங்கையில் 2008 இல் தரநிலை 1326 வெளிவந்தது. அதற்குள் பாமினியில் சேர்ந்த கோப்புகளோ மலைபோல.

மலையை யுனிகோடுக்கு மாற்றப் பல மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெட்டி ஒட்டினால் ஒரு நொடியில் தமிழ் வந்துவிடும். இங்கேதான் நிதானம் வேண்டும். பாமினி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவது. ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோட், சொல்லும் வரிசையில் எழுதுவது: முதலில் க, பிறகு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். நல்லவை திருப்புகின்றன. ஆனால் கோப்பில் ஆங்கிலம் எது, பாமினி எது என்று அதற்குத் தெரியாது. இரண்டுமே அதற்கு ஆங்கில எழுத்து எண்கள்தான். ஆகவே நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த நோர்வூட் என்ற ஊர்ப்பெயர் ‘ழேசறழழன’ என்று வந்து நிற்கும். நான் ஒரு பழைய மலரில் இதைக் கண்டபோது, ஏதோ சங்ககாலத்து ஊரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு, கண்ணுக்குப் படாது. பாமினியில் ‘ர்’ அடிக்கும்போது ரவுக்குரிய விசையை அல்ல, கால் எனப்படும் துணையெழுத்தின் விசையை அழுத்திப் புள்ளி வைப்பதே வழக்கம். ‘ரி’க்கும் அப்படியே. தாளில் இரண்டும் ஒரே வடிவம், அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கவனமில்லாத மாற்றி அதை அப்படியே யுனிகோடுக்குக் கொண்டுபோனால் ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிவிடும். வாசிக்கும்போது வித்தியாசம் தெரியாது. தேடும்போது தெரியும்: ‘அவர்’ என்று தேடினால் ‘அவா்’ கிடைக்காது. நம் ஆண்பெயர்களில் எத்தனை ‘ர்’ இல் முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அன்வர், உமர், பஷீர், நஸீர், ஜாபிர். ஒரு குடும்பப் பட்டியலை மாற்றி இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று மகிழ்ந்திருப்போம். பேரன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வாப்பாவின் வாப்பா பெயரைத் தேடுவான். பட்டியலில் பெயர் இருக்கும், தேடலில் அகப்படாது.

அறபு கலந்த கோப்புகளில் இன்னொரு கவனம். நபிகளாரின் பெயரை அடுத்து வட்டமான அழகிய வடிவத்தில் ஸலவாத் வைக்க அந்நாளில் அலங்கார எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். கோப்புக்குள் அது ஓர் ஆங்கில எழுத்தின் எண்தான். மாற்றிக்குள் போட்டால் அந்த இடத்தில் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தொன்று ஒட்டிக்கொண்டு வரும். மார்க்கக் கட்டுரைகளில் திருநாமத்தை அடுத்து இப்படி ஒரு பொருளற்ற எழுத்து நிற்பதைக் காண மனம் கூசுகிறது. இப்போது ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்ற முழு வாசகத்துக்கும் யுனிகோடில் ஒரே ஓர் எண் உண்டு. அதை இட்டுத் திருத்தலாம். குர்ஆன் வசனங்களைப் பழைய கோப்பிலிருந்து மாற்றவே வேண்டாம். ஒவ்வோர் எழுத்தும் குறியும் சரிபார்த்த யுனிகோட் மூலம் வேண்டும் என்பதற்காகவே 2007 இல் தன்ஸீல் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து எடுப்பது பாதுகாப்பு.

ஒரு கோப்பு சிதைந்து தெரிந்தால் அதன் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நெருங்கி நின்றால் பெரும்பாலும் பாமினி, முழுதாக மீட்கலாம். தலையில் சாய்கீற்று வைத்த சின்ன ஏயும், அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அது யுனிகோட் தமிழ்தான். யூ.டீ.எஃப். 8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று துண்டாகச் சேமிக்கப்படுகிறது. திறந்த மென்பொருள் அந்தத் துண்டுகளைத் தனித்தனி எழுத்தென்று நினைத்துவிட்டது. திறக்கும்போது சரியான குறிமுறையைத் தெரிவு செய்தால் போதும். சின்னச் சின்னப் பெட்டிகள் தெரிந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆனால் வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டும். யாரோ அந்தக் கோப்பை யுனிகோட் தெரியாத முறையில் சேமித்திருக்கிறார்கள். சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தின் எண்ணும் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் 63 என்ற கேள்விக்குறியின் எண் எழுதப்பட்டுவிட்டது. அதை எந்த நிபுணரும் மீட்க முடியாது. வேறு பிரதி இருந்தால்தான் உண்டு. நோட்பேடில் சேமிக்கும்போது சில எழுத்துகள் இழக்கப்படலாம் என்றொரு எச்சரிக்கை வருமே, ‘சரி’ என்று அழுத்திவிட்டுப் போவோமே, அந்த இடம்தான் இது.

ஆகவே விளங்காத கோப்பைத் திருத்தப் போகிறவர் முதலில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். திறந்து பார்த்த மூலத்தைச் சேமிக்கவே கூடாது. பீ.டீ.எஃப். ஆக இருந்தால் எழுத்துரு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், அதனால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். வெட்டி ஒட்டும்போது மட்டும் பாமினி எண்கள் வெளிவரும். மாற்றிய பின் முதலில் பார்க்க வேண்டியவை பெயர்கள். கிரந்தம் வரும் பெயர்கள், ‘இ’யில் தொடங்கும் பெயர்கள், ‘ர்’ இல் முடியும் பெயர்கள் என்று மூன்று தடவை தேடிப் பார்த்தால் பெரும்பகுதி பிடிபடும். அச்சிட்ட பிரதி இருந்தால் அதனோடு ஒப்பிட வேண்டும். இந்த மலைநாட்டுப் பனியில் தாளும் பூஞ்சணம் பிடிக்கும், சீடீயும் பிடிக்கும் என்பதால் ஒன்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. அச்சுப் பிரதியும் இல்லையென்றால் ஊரில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டலாம். “இது அனீபா இல்ல தம்பி, ஹனீபா நானா, பஸார்ல கடை வச்சிருந்தவர்” என்று அவர் சொல்வதை எந்த மென்பொருளும் சொல்லாது.

மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள் சிலர். அது வேண்டாம். இன்றைய மாற்றியின் பிழை நாளைக்குத்தான் தெரியவரும். பழைய கோப்பு, மாற்றிய கோப்பு, அந்தப் பாமினி எழுத்துருவின் கோப்பு மூன்றையும் ஒரே போல்டரில் வைத்து, எந்த எழுத்துருவில் அடித்தது, எந்த ஆண்டில் மாற்றியது, எந்த மாற்றியில் போட்டது என்று ஒரு சின்னக் குறிப்பும் எழுதி வைக்கலாம். அந்தக் குறிப்பைத் தமிழில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் எழுதுங்கள். ஆஸ்கியைப் பின்பற்றும் எந்த அட்டவணையில் திறந்தாலும் ஆங்கில வரி வாசிக்க வரும்.